கழுத்துக்குள் ஓர் ஒட்டுப்பால்

பெக்கோக் பக்க ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களுக்கு ஒட்டுப்பால் பழக்கமானது. வழிந்த பால் பட்டையிலேயே உறைந்து, மரத்தோடு மரமாக ஒட்டிக்கொள்ளும். சிலருடைய கழுத்தைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தால் ஏறக்குறைய அதே காட்சிதான். முள்ளெலும்புகளின் முன்பக்கம் ஏதோ வழிந்து இறுகியது போல ஒரு வெள்ளைப் பட்டை தெரியும். உறைந்திருப்பது எலும்பு.

முள்ளெலும்புகளை முன்புறம் மேலிருந்து கீழ்வரை ஒரு நார்ப்பட்டை பிணைத்திருக்கிறது. வயதாக ஆக, சிலருக்கு அந்த நாரே எலும்பாகிவிடுகிறது. 1950இல் ஃபாரெஸ்டியர், ரோட்டெஸ்-கெரோல் என்ற இரு மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். அதனால் ‘ஃபாரெஸ்டியர் நோய்’ என்ற பெயர் வந்தது. ‘டிஷ்’ என்றும் சுருக்கிச் சொல்வார்கள். சாதாரணத் தேய்மானத்தில் எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு தேயும். இதில் வட்டு பெரும்பாலும் அப்படியே இருக்க, அடுத்தடுத்த 4 எலும்புகளாவது முன்புறம் பாலம் போட்டதுபோல் இணைந்திருக்கும்.

பலருக்கு விறைப்போடு சரி. கழுத்தில் மட்டும் இடநெருக்கடி. கழுத்தின் 7 எலும்புகளில் ஆறாவதன் மட்டத்தில் உணவுக்குழாய் தொடங்குகிறது. அதற்கு முன்னால் குரல்வளையின் குருத்தெலும்பு வளையம். பின்னால் வளர்ந்து வரும் எலும்பு. நடுவில் மாட்டிய குழாய் நசுங்குகிறது. கஞ்சி இறங்கும், ரொட்டி சானாய் நிற்கும். தலையை அண்ணாந்தால் அடைப்பு கூடும், குனிந்தால் குறையும். எலும்பு இன்னும் மேலே புடைத்தால், விழுங்கும்போது மூச்சுப்பாதையை மூடும் குரல்வளை மூடி சரியாக மடங்காது, புரையேறும். குரல் கம்மலாம், மூச்சு இரையலாம். அறுவைக்கு மயக்கம் கொடுக்கையில் மூச்சுக்குழாயில் டியூப் நுழைப்பதும் சிரமம்.

காரணம் முழுதாகப் பிடிபடவில்லை. ஐம்பதைத் தாண்டிய ஆண்கள், உடல் பருத்தவர்கள், இனிப்பு நீர் உள்ளவர்கள் ஆகியோரிடம் அதிகம் காணப்படுகிறது. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது.

உணவைக் குழைவாக்குவது, விழுங்கும் பயிற்சி, வீக்கம் தணிக்கும் மருந்து என்று சிகிச்சை தொடங்கும். போதாவிட்டால் கழுத்தின் முன்புறம் திறந்து எலும்பைச் செதுக்கி எடுப்பார்கள். ஆண்டுகள் கழித்து அது திரும்ப வளர்வதும் உண்டு.

‘கேஸ்ட்ரிக்தான்’ என்று மாத்திரை போட்டே நாளைக் கடத்த வேண்டாம். விழுங்கச் சிரமம் நீடித்தால் முதலில் புற்றுநோய் இல்லையென்று உறுதி செய்ய வேண்டும். செகாமாட்டோ குளுவாங்கோ, எந்த மருத்துவமனைக்குப் போனாலும் எது இறங்குகிறது, எது நிற்கிறது, குனிந்தால் என்ன ஆகிறது என்று சொல்லுங்கள். தொண்டைக்குப் பின்னாலும் பார்க்க மருத்துவருக்கு அதுவே துப்பு.