ஒரு ஜோக்குக்கு 3 மாதச் சிறை



1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் பிக்பாக்கெட் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., கொள்ளைக்காரன் மாதிரி இருப்பவர் மந்திரி என்பதுதான் விஷயம். தமிழகச் சட்டமன்றம் கொதித்தது. சபாநாயகர் பி.எச்.பாண்டியன், தமக்கு ‘வானளாவிய அதிகாரம்’ உண்டு என்று சொல்லிப் பேர்பெற்றவர். மன்னிப்புக் கேட்க மறுத்த ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு 3 மாதக் கடுங்காவல். எதிர்ப்பு கிளம்பவே சில நாளில் விட்டுவிட்டார்கள். பிறகு அவர் வழக்குப் போட்டு 1,000 ரூபாய் நஷ்டஈடும் வாங்கினார். அட்டையைப் பார்க்காதவர்களுக்கும் ஜோக் தெரிந்துபோனதுதான் மிச்சம்!

ஜெயலலிதா ஆட்சியில் 2011 முதல் ஐந்தே ஆண்டில் 200-க்கும் மேல் அவதூறு வழக்குகள். பொதுவாழ்வில் இருப்பவர் விமர்சனத்தைத் தாங்கத்தான் வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றமே சொல்லவேண்டி வந்தது.

எங்கள் வார்டில், லேசாகத் தொட்டதற்கே ஒருவர் துடித்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கிறதா என்று பார்ப்போம். சவுல் ராஜாவுக்கு அப்படித்தான். பெண்கள் பாடிய பாட்டில் தாவீதுக்கு எண்ணிக்கை கூடிவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு நிம்மதி போயிற்று. அதே தாவீது ராஜாவாகி, தப்பியோடும் நாளில் சீமேயி கல்லெறிந்து தூஷித்தான். வெட்டக் கிளம்பிய அபிசாயைத் தாவீது தடுத்தார். (சாகும்போது சாலொமோனிடம் சீமேயியை ஞாபகப்படுத்தினார் என்பதும் வேதத்தில் இருக்கிறது. முழுக்க ஆறவில்லை போலும்.)

ராஜாக்களை மட்டும் சொல்வானேன்? போன மாதம் ட்ருகனினா வாலிபர் கூடுகையில், நான் நடத்திய நிகழ்ச்சி ரொம்ப நீளம் என்றான் ஒரு தம்பி. சிரித்தேன். பிறகு இரண்டு வாரம் அவனிடம் பேசவில்லை. அடுத்த ரோஸ்டரில் அவன் பெயர் விடுபட்டிருந்தது. ரோஸ்டர் எழுதியது நான்தான்.