மாசி முழுமதியும் இருளர் நாட்கணக்கும்

நம் மாதங்களின் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று மாணவ நேயர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? சித்திரை விண்மீனையொட்டி முழுமதி நிற்கும் மாதம் சித்திரை. விசாகத்தையொட்டி நின்றால் வைகாசி. மகத்தையொட்டி நின்றால் மாசி. தமிழ் மாதத்தை அளப்பது கதிரவன். பெயர் தந்தது திங்கள்.

இக்கணக்கை வாழ்க்கையோடு பிணைத்து வைத்திருப்பவர்கள் இருளர். எங்கள் கருங்குழியைச் சூழ்ந்த செங்கற்பட்டு வட்டாரத்தில் அவர்தம் குடியிருப்புகள் பல உண்டு. ஆண்டுதோறும் மாசி முழுமதிக்கு அவர்கள் ஆயிரக்கணக்கில் மாமல்லபுரக் கடற்கரையில் கூடுகின்றனர். புடவைகளைக் கட்டிக் கூடாரம் அமைத்து இரவு தங்குவர். மணலில் படிகள் கட்டி, விடியலில் கன்னியம்மனை வணங்குவர். குழந்தைக்குப் பெயரிடுவதும், முடியிறக்குவதும், மணம் முடிப்பதும் அங்கேயே நிகழும்.

அந்நாள் ஆங்கிலத் தேதிக்குக் கட்டுப்படாது. 2023இல் மார்ச் 7. 2024இல் பிப்ரவரி 24. 2025இல் மார்ச் 14. காரணம் எளிது. பன்னிரண்டு திங்கள் சுற்றுக்கு 354 நாட்களே ஆகின்றன. கதிரவன் ஆண்டுக்குப் பதினொரு நாள் குறைவு. ஆகவே முழுமதி ஆண்டுதோறும் முன்னே நகரும். மாசியைவிட்டு வெளியேறப் பார்க்கையில், பதின்மூன்றாம் முழுமதி வந்து அதை மீட்டுவிடும். 2024க்கும் 2025க்கும் இடையே நிகழ்ந்தது அதுவே.

ஏன் மாசி? என் கருத்து இது: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், சம்பா அறுவடை முடிந்திருக்கும், கோடை தொடங்கியிராது. திறந்த மணலில் குழந்தை குட்டிகளோடு படுக்க இதைவிட ஏற்ற காலம் ஏது?

இருளரின் மற்ற நாட்கள் மதியைவிட மண்ணைப் பார்த்தே குறிக்கப்பட்டன. மழை பெய்து ஓய்ந்தால் புற்றிலிருந்து ஈசல் புறப்படும், அது உணவு. அறுவடையான வயலில் எலி வளையைத் தோண்டினால், எலி சேமித்த நெற்கதிர் கிடைக்கும். பாம்பின் தடத்தையும் அவர்கள் அவ்வாறே படித்தனர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து பாம்புத்தோல் வாணிகம் நின்றது, பிழைப்பும் போயிற்று. 1978இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், தோலுக்கு மாறாக நஞ்சை எடுத்து, பாம்பை உயிரோடு விட்டுவிட வழி செய்தது. பாம்புக்கடி மருந்துக்கு அந்நஞ்சே மூலப்பொருள். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவர் பத்மஸ்ரீ விருது பெற்றனர். வளையின் வாயிலைப் பார்த்தே உள்ளே பாம்பு உண்டா என்றறியும் அக்கல்விக்குப் பாடநூல் இல்லை. தந்தையின் பின்னே வயல்வெளியில் நடந்த பிள்ளைகளே அதைக் கற்றனர்.