உறைந்த எண்ணெய் குற்றவாளியா?

மார்கழி பிறந்ததும் நம் விடுதியில் ஒரு வழக்கு எழும். ஊரிலிருந்து வந்த தேங்காயெண்ணெய் சீசாவுக்குள் வெள்ளைக் கட்டியாக நிற்கும். "மெழுகு கலந்திருக்கிறது!" என்று தீர்ப்பும் உடனே பிறக்கும். இங்கு வந்த முதல் ஆண்டு நானும் அப்படித்தான் எண்ணி, 'கலப்படம்' என்று வீட்டுக்கு எழுதிவிட்டேன். கொப்பரையைக் காயவைத்து, செக்கில் கொடுத்து ஆட்டி அனுப்பியவர் என் பாட்டி!

உண்மை என்ன? சுமார் 25 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே உறைவது தேங்காயெண்ணெயின் இயல்பு. அதிலுள்ள கொழுப்பு அமிலங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பங்கு நிறைவுற்றவை. லாரிக் அமிலம் மட்டுமே பாதியளவு இருக்கும். இவற்றின் மூலக்கூறுகள் நேரான சங்கிலிகள். குளிர் வந்தால், நேரான விறகுகளைப்போல் நெருங்கி அடுக்கிக்கொள்ளும். நல்லெண்ணெயில் பெரும்பகுதி நிறைவுறாதவை. இரட்டைப் பிணைப்புள்ள இடத்தில் வளைந்தவை. கோணல் சுள்ளிகளை நெருக்கி அடுக்க முடியுமா? ஆகவேதான் பக்கத்துச் சீசாவிலுள்ள நல்லெண்ணெய் உறையாமல் நிற்கிறது.

ஆனால், உறைந்துவிட்டதால் எண்ணெய் தூயதென்றும் சொல்லிவிட முடியாது. செம்பனைக் கொட்டை எண்ணெயிலும் லாரிக் அமிலம் மிகுதி. அதுவும் குளிரில் உறையும். கலப்படத்தைக் கண்டறிவது ஆய்வுக்கூடத்தின் வேலை.

நண்பர்களே, சீசாவை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வையுங்கள். எண்ணெய் உருகிவிடும், குணமும் கெடாது. வீட்டுக்குக் குறை எழுதுமுன் வெப்பமானியை ஒருமுறை பாருங்கள். பாட்டியிடம் நேரில் மன்னிப்புக் கேட்க நான் கோடை விடுமுறை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று!