கேள்விக்கும் மார்க் போடும் நிரல்

நாற்பது பிள்ளைகள், இருபத்தைந்து ஒரு மார்க் கேள்விகள். ஆக, திருத்த வேண்டிய விடைகள் ஆயிரம். சிவப்புப் பேனாவும் கையுமாக ஆசிரியர் உட்கார்ந்தால் ஒரு மாலைப் பொழுது போய்விடும். பைத்தான் மொழியை இப்போதுதான் கற்கத் தொடங்கிய ஒருவர்கூட இருபது, முப்பது வரிகளில் இதற்கு நிரல் எழுதிவிடலாம். ஓட்டினால் ஒரு நொடி. மார்க்கைக் கூட்டிச் சொல்வது அந்த நிரலுக்குச் சில்லறை வேலைதான். கேட்ட கேள்விகளில் எது உருப்படியானது, எது உதவாதது என்று காட்டிக்கொடுக்கவும் அதற்குத் தெரியும். அதற்காகவே அதை எழுதலாம் என்பேன்.

முதலில் விடைக்குறிப்பை ஒரே சரமாக எழுதிக்கொள்ளுங்கள்: இஅஈஆஇ என்று தொடங்கி இருபத்தைந்து எழுத்துகள். ஒவ்வொரு மாணவரின் விடைகளும் அதேபோல் ஒரு சரம். இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, பொருந்தினால் ஒன்று கூட்ட வேண்டும். ஒரு மடக்கு, ஒரு நிபந்தனை, அவ்வளவுதான். அ, ஆ, இ, ஈ ஒவ்வொன்றுக்கும் யூனிகோடில் ஒற்றைக் குறியீடு என்பதால் ஆங்கில எழுத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. ('கி' போன்ற உயிர்மெய் என்றால் சிக்கல், நமக்கு ஓர் எழுத்து, பைத்தானின் கணக்கில் இரண்டு.)

புதியவர்கள் சறுக்கும் இடம் வேறு. நான்காம் கேள்விக்கு ஒரு மாணவி விடை எழுதவில்லை. தட்டச்சு செய்கிறவர் அதை அப்படியே விட்டுவிட்டு ஐந்தாம் விடையை அடிக்கிறார். அவ்வளவுதான், ஐந்தாவது நான்காவதாகி, ஆறாவது ஐந்தாவதாகி, கடைசிவரை எல்லாம் ஓரிடம் தள்ளிப்போகும். இருபது வாங்க வேண்டியவர் ஏழு வாங்குவார். இரண்டு சரங்களைச் சோடி சேர்க்கும் 'ஸிப்' என்ற பைத்தான் கட்டளையும் இதைக் கண்டுகொள்ளாது. சிறிய சரம் முடிந்ததும் சத்தமில்லாமல் நின்றுவிடும். எனவே விடுபட்ட இடத்தில் ஒரு சிறு கோடு போடுங்கள். மார்க் போடுவதற்கு முன் சரத்தின் நீளம் இருபத்தைந்துதானா என்று நிரலைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கையால் தட்டச்சு செய்யாமல் தாளை எந்திரமே படிப்பதற்கு வழிகண்டவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பாடம் நடத்திய ரெனால்ட் ஜான்சன். பென்சில் முனையிலுள்ள கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை வைத்தே அவர் தன் எந்திரத்தை வடிவமைத்தார். எந்தக் கட்டத்தில் பென்சில் தீட்டப்பட்டிருக்கிறதோ அங்கே மின்சாரம் பாயும். ஐபிஎம் நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டு, 1938இல் ஐபிஎம் 805 என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே ஜான்சன் தலைமையேற்ற குழுதான் 1956இல் வெளிவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கை உருவாக்கியது. இன்றைய ஓஎம்ஆர் எந்திரங்கள் மின்சாரத்துக்குப் பதில் ஒளியைப் பாய்ச்சிக் கருத்த வட்டத்தைக் கண்டுபிடிக்கின்றன. எதுவானாலும் எந்திரம் விடைக்குறிப்பை வேதவாக்காக நம்பும். விடைக்குறிப்பே தவறென்றால்?

இங்கேதான் பகுப்பாய்வு வருகிறது. மாணவர்களை மொத்த மதிப்பெண்படி வரிசைப்படுத்தி, மேலிருந்து 27 சதவீதம், கீழிருந்து 27 சதவீதம் எனப் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்த 27 என்ற அளவுக்குப் புள்ளியியல் நியாயம் சொன்னவர் ட்ரூமன் கெல்லி, 1939இல். நாற்பது பேர் வகுப்பில் மேலே 11 பேர், கீழே 11 பேர். ஒரு கேள்விக்கு மேல்வரிசையில் 9 பேரும் கீழ்வரிசையில் 3 பேரும் சரியாக எழுதியிருந்தால், வித்தியாசமான 6ஐ 11ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 0.55. படித்தவரையும் படிக்காதவரையும் நன்றாகப் பிரித்துக்காட்டும் கேள்வி இது. 0.2க்குக் கீழே போனால் கேள்வியைத் திரும்பப் பார்ப்பது வழக்கம். எல்லாரும் சரியாக எழுதிவிட்ட கேள்விக்குப் பூச்சியம்தான் வரும். அப்படி ஒன்றிரண்டு இருந்துவிட்டுப் போகட்டும், பயந்த பிள்ளைக்குத் தெம்பு வரும்.

இந்தக் கணக்கு மைனஸில் வந்தால்தான் விழித்துக்கொள்ள வேண்டும். 'கோடையில் வெப்பம் கூடுவதற்குக் காரணம் எது?' என்று ஒரு கேள்வி. விடைக்குறிப்பில் 'அ', அதாவது பூமி சூரியனை நெருங்குவது, என்று இருக்கிறது. மேல்வரிசையில் இருவர் மட்டுமே அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், கீழ்வரிசையில் ஏழு பேர். கணக்கு மைனஸ் 0.45 என்று காட்டுகிறது. நன்றாகப் படிக்கும் ஒன்பது பேர் சேர்ந்தாற்போல் 'இ', அதாவது பூமியின் அச்சு சாய்ந்திருப்பது, என்று எழுதியிருந்தால் யார் மேல் தவறு? பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில். தவறு விடைக்குறிப்பில்தான். பாடம் தெரியாத நிரல், வெறும் கழித்தலை வைத்தே இதைப் பிடித்துவிடுகிறது.

தவறான விடைகளையும் எண்ணச் சொல்லுங்கள். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்ற கேள்விக்குப் பாதி வகுப்பு 2/5 என்று எழுதியிருந்தால், அவர்கள் குருட்டாம்போக்கில் அடிக்கவில்லை. மேலே உள்ளதை மேலோடும் கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டியிருக்கிறார்கள். நாளைக்கு எதை மறுபடி நடத்த வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. ஒருவர்கூடத் தொடாத விடை வீண். அடுத்த முறை மாற்றிவிடலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். நான்கு விடைகள் கொண்ட 25 கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே சராசரியாக ஆறு மார்க் வரும். ஆறு வாங்கியவருக்குப் பாடம் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது. அடுத்து, சிறிய வகுப்பில் ஓரிருவர் மாற்றி எழுதினாலே இந்த எண்கள் தாவிக் குதிக்கும். கேள்வியைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்திலேயே பைத்தான் சரங்களும் சிஎஸ்வி கோப்புகளும் இருக்கின்றன. இந்த நிரலுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆசிரியர்களே, அடுத்த வகுப்புத் தேர்வின் விடைகளைப் பெயர் இல்லாமல், எண் மட்டும் போட்டு, உங்கள் பள்ளியின் கணினி அறிவியல் மாணவர்களிடம் கொடுத்துப் பாருங்கள்.