தொலையாத தரவு – 11: பாக்குலா கேட்கும் கேள்விகள்

சென்ற வாரம் பார்த்த கருவிகள் சாது. எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகி ஒரு பட்டனைத் தட்டினால், மீதியை அவையே பார்த்துக்கொள்ளும். இந்த வாரம் வருவது வேறு ரகம். நிறுவிய கையோடு ஓட்டினால் இது பேக்கப் எடுப்பது உங்கள் தரவை அல்ல, சர்வரில் நிரல்கள் கிடக்கும் ஒரு ஃபோல்டரை. மாதிரி கான்ஃபிக்கில் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பாக்குலா என்று பெயர். ஆட்டோடெஸ்க் நிறுவனர்களில் ஒருவரான கெர்ன் சிபால்ட் 2000இல் தொடங்கி, 2002இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டார். நூற்றுக்கணக்கான கணினிகளை ஓரிடத்தில் இருந்தபடி பேக்கப் எடுக்கும். டேப்பிலும் எழுதும், டிஸ்க்கிலும் எழுதும். காசும் கிடையாது. பிறகு ஏன் இதைத் தொட ஆட்கள் தயங்குகிறார்கள்?

முதல் காரணம், இது ஒரே நிரல் இல்லை. எதை, எப்போது எடுப்பது என்று ஆணையிடுவது டைரக்டர். ஒவ்வொரு கணினியிலும் உட்கார்ந்து ஃபைல்களைப் படித்துக் கொடுப்பது ஃபைல் டீமன். வாங்கி எழுதுவது ஸ்டோரேஜ் டீமன். எது எங்கே இருக்கிறது என்ற கணக்கு, கேட்டலாக் எனப்படும் டேட்டாபேஸில். தனித்தனி கான்ஃபிக் ஃபைல்கள்; ஒன்றில் உள்ள பெயரும் பாஸ்வேர்டும் இன்னொன்றில் உள்ளதோடு அச்சு பிசகாமல் ஒத்துப்போக வேண்டும்.

புது நிர்வாகிகள் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. டைரக்டரும் ஸ்டோரேஜும் ஒரே சர்வரில்தானே இருக்கின்றன என்று ஸ்டோரேஜ் முகவரியாக 'லோக்கல்ஹோஸ்ட்' என்று போட்டுவிடுவார்கள். அந்த சர்வரையே பேக்கப் எடுத்துப் பார்த்தால் பிரமாதமாக ஓடும். அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் கணினியைச் சேர்த்ததும் நின்றுவிடும். டைரக்டர் அந்த முகவரியை அப்படியே கிளையன்டிடம், அதாவது அந்தக் கணினியின் ஃபைல் டீமனிடம், கொடுக்கிறது. கிளையன்ட் பாவம், தன் மெஷினுக்குள்ளேயே ஸ்டோரேஜைத் தேடிக்கொண்டிருக்கிறது.

இந்த மாதிரித் தொல்லைகள் கொஞ்ச நாளில் கைக்கு அடங்கிவிடும். தவறு செய்தால் மென்பொருளே எர்ரர் காட்டுகிறது. எர்ரரே வராத இடங்களில்தான் அனுபவம் வேண்டியிருக்கிறது.

மாதிரி கான்ஃபிக்கில் மூன்று காலக்கெடுக்கள் இருக்கும். ஃபைல் விவரம் 60 நாள், ஜாப் விவரம் 6 மாதம், வால்யூம் 365 நாள். வால்யூம் என்பது டேப், அல்லது டேப் மாதிரியே நடத்தப்படும் டிஸ்க் ஃபைல். பார்க்கிறவர்கள் 'ஒரு வருஷம் இருக்கும், போதும்' என்று விட்டுவிடுவார்கள். ஏப்ரல் போய் ஆகஸ்ட்டில் அக்கவுண்டன்ட் வருகிறார்: "சார், ஏப்ரல் ஷீட்டை யாரோ அழிச்சுட்டாங்க. அதை மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க." தரவு வால்யூமில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதில் என்னென்ன ஃபைல் உள்ளது என்ற பட்டியல் 60 நாள் கெடு முடிந்து கேட்டலாக்கிலிருந்து கழிக்கப்பட்டுவிட்டது. ஃபோல்டர் ஃபோல்டராக விரித்து ஒரு ஷீட்டை மட்டும் குறிக்க வழியில்லை. ஜாப் முழுவதையும் இறக்கித் தேட வேண்டும், இல்லையென்றால் பிஸ்கேன் என்ற கருவியை ஓட்டி வால்யூமைப் படித்துப் பட்டியலைத் திரும்பக் கட்ட வேண்டும். அக்கவுண்டன்ட் நின்றுகொண்டிருப்பார்.

அந்த 60ஐ ஐந்து வருஷம் ஆக்கிவிடலாமே என்றால், 10 லட்சம் ஃபைல் உள்ள ஒரு சர்வரின் ஒவ்வொரு முழு பேக்கப்பும் கேட்டலாக்கில் 10 லட்சம் வரிகளைச் சேர்க்கும். டேட்டாபேஸ் ஊதிக்கொண்டே போகும். இன்னொரு பக்கம், இந்தியக் கம்பெனிச் சட்டம் 2013 கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்கச் சொல்கிறது. எதை எத்தனை வருஷம் வைப்பது என்பதை சிஸ்டம் அட்மின் தனியாக முடிவு செய்ய முடியாது. ஆடிட்டரிடம் கேட்க வேண்டும், முதலாளியிடம் டிஸ்க்குக்குப் பணம் கேட்க வேண்டும். கான்ஃபிக் ஃபைலில் ஒரே ஒரு எண், அதற்குப் பின்னால் மூன்று மீட்டிங். பாக்குலாவுக்கு ஆகும் நேரத்தில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது. என்னைக் கேட்டால், போக வேண்டிய நேரம்தான் அது.

அந்த எண் வால்யூமின் கெடுவாக இருந்தால், திருத்தியதோடும் வேலை முடியாது. திருத்தம் இனிமேல் உருவாக்கும் வால்யூம்களுக்கே பொருந்தும். ஏற்கெனவே உள்ளவற்றின் கெடு கேட்டலாக்கில் பழையபடியே இருக்கும். கன்சோலில் 'அப்டேட்' கொடுத்தால்தான் மாறும். இன்னொன்று: ரூட்டிலிருந்து எல்லாவற்றையும் எடு என்று எழுதினாலும், ஹோம் தனி பார்ட்டிஷனில் இருந்தால் பாக்குலா அதற்குள் நுழையாது. டிஃபால்ட் அப்படி. ஜாப் அறிக்கையில் அதை ஒரு வரியில் சொல்லவும் சொல்லும். பச்சையாக 'ஓகே' வந்த அறிக்கையை யார் படிக்கிறார்கள்?

அறிக்கை கண்ணில் படாமல் போவது சின்ன அலுவலகங்களின் வியாதி மட்டுமல்ல. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். அன்றாட பேக்கப் இருக்கும் என்று போய்ப் பார்த்தால், ஒன்றுமில்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் நிரல் 9.2. எப்போதிருந்தோ தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மெயில்களும் முறையான கையொப்பம் இல்லாததால் நிராகரிக்கப்பட்டிருந்தன. ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கு முன்பு வேறு வேலைக்காக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் தற்செயலாகக் கிடந்ததால் தப்பித்தார்கள். அது பாக்குலா இல்லை. ஆனால் குழி அதேதான்.

நான்கைந்து கணினி உள்ள கடைக்கு பாக்குலா வேண்டவே வேண்டாம். சென்ற வாரத்துச் சாதுக்களே போதும். ஐம்பது, நூறு என்று போகிறவர்கள் இறங்கினால், முதல் நாளே கவனிக்க வேண்டியது கேட்டலாக்கை. அதையும் பேக்கப் எடுக்க மாதிரியிலேயே இரவு 11.10க்கு ஒரு ஜாப் இருக்கிறது. ஆனால் அந்த பேக்கப் எந்த வால்யூமில், எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் பூட்ஸ்ட்ராப் ஃபைல், சும்மா விட்டால் அதே சர்வரின் டிஸ்க்கில்தான் எழுதப்படும். சர்வர் போனால் கேட்டலாக்கும் இந்த ஃபைலும் சேர்ந்து போகும். அந்தச் சின்ன ஃபைலை தினமும் வேறு மெஷினுக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டு, மற்றதைத் தொடங்குங்கள்.

(தொடரும்)