பகடையும் பம்பையும் – 9: பேயோடு பேரம்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் வேற்றுலக ஆவியைத் துணைக்கு அழைக்க விலைப்பட்டியலே இருக்கிறது. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி நிமிடக் கணக்கு வேலைக்கு நிமிடத்துக்கு 100 பொற்காசு, மணிக் கணக்குக்கு மணிக்கு 1,000, நாள் கணக்குக்கு நாளுக்கு 10,000. பத்து நாளைத் தாண்டக் கூடாது. ஆபத்தில்லாத வேலையென்றால் பாதிக் கூலிக்குப் படியும். கூலி தர மனமில்லாதவர்களுக்கு வேறொரு மந்திரம் உண்டு: 1,000 பொற்காசு பெறுமான நகையைச் செலவழித்து ஆவியைக் கட்டிப்போடலாம். ஆனால் கட்டுப்பட்ட ஆவிக்கு நம்மைப் பிடிக்காவிட்டால், நாம் சொன்ன வார்த்தையையே வளைத்துத் தன் காரியத்தைப் பார்த்துக்கொள்ளும்.

1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த ஆட்டத்தை வெளியிட்டார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே செஞ்சிச் சீமையில் பேரம் நடந்துகொண்டுதான் இருந்தது. விலைப்பட்டியல் மட்டும் கிடையாது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு செஞ்சிக் கோட்டைக்குப் புதுக் கவனம் வந்திருக்கிறது. இருந்தாலும் அமாவாசையன்று செஞ்சி பஸ் ஸ்டாண்டில் மேல்மலையனூர் வண்டிக்கு முண்டியடிக்கும் கூட்டமே தனி. வடக்கே சுமார் 20 கிலோமீட்டர். அங்காளம்மன் கோயில், நள்ளிரவு ஊஞ்சல் உற்சவம். அந்தத் தலத்தின் கதையே ஆவியை ஏய்த்த கதைதான். சிவன் கிள்ளிய பிரமன் தலை கபாலமாகி அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டது. பிச்சையில் விழுவதையெல்லாம் அதுவே தின்றது. அம்மன் இரண்டு கவளத்தைக் கபாலத்தில் போட்டுவிட்டு, மூன்றாவதைத் தரையில் இறைத்தாள். ருசி கண்ட கபாலம் பொறுக்கக் கீழே இறங்கியது. ஒரே மிதி.

பேய் ஓட்டுகிற இடத்திலும் முதல் வேலை ஓட்டுவதல்ல, பேசவைப்பது. பம்பையும் உடுக்கையும் முழங்க, பேய் பிடித்த பெண் தலைவிரித்து ஆடத் தொடங்கியதும் பம்பைக்காரர் பாட்டை நிறுத்திவிட்டு விசாரணைக்கு வருவார். "யார்ரா நீ? பேரச் சொல்லு. எந்த ஊரு? எப்படிச் செத்த? இந்தப் பொண்ண எங்க வச்சுப் புடிச்ச?" பேய் அழும், திட்டும், பொய்ப் பேர் சொல்லும். மறுபடி பம்பை. உண்மைப் பேர் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. "என்ன குடுத்தா போவ?" கோழி, சாராயம், சுருட்டு, பிரியாணி. கேட்டதையெல்லாம் உடனே ஒப்புக்கொள்கிறவர் நல்ல பம்பைக்காரர் இல்லை. பேரம் படிந்ததும் எரியும் கற்பூரத்தின் மேல் சத்தியம். எந்த முடிக்கற்றையில் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பேயே காட்ட வேண்டும். அதை முடிந்து, அவள் தலையில் ஒரு கல்லை ஏற்றிப் புளியமரத்துக்கு விரட்டுவார்கள். கல்லைப் போட்டதும் முடியை அறுத்து மரத்தில் ஆணியடித்தால் கணக்குத் தீர்ந்தது. இடையில் விழும் அடி நிஜ உடம்பில் விழுகிறது. அதற்கு எந்த நம்பிக்கையும் எனக்குச் சமாதானமாகாது.

1990-களின் தொடக்கத்தில் இந்த வட்டாரத்தில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் இசபெல் நபகோவ், 2000-ல் வெளியான தன் புத்தகத்தில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அவர் பார்த்த பேய்கள் பெரும்பாலும் ஆசை நிறைவேறாமல் இளவயதில் செத்த ஆண்கள். பிடிக்கப்பட்டவர்களில் பலர் கல்யாணமாகிக் கொஞ்ச காலமே ஆன பெண்கள். விளையாட்டு மேஜையில் அழைப்பவருக்கு ஒரு நாற்காலி, ஆவிக்குக் குரல் கொடுக்கும் ஆட்ட நடத்துநருக்கு ஒரு நாற்காலி. இங்கே பேய்க்கும் பெண்ணுக்கும் ஒரே வாய். "அவன் வீட்டுக்குப் போகமாட்டேன்" என்று அந்த வாயிலிருந்து வருவதெல்லாம் பேயின் கணக்கில்தான் எழுதப்படும். பேய் கேட்டது கோழி. அவள் கேட்டது என்ன என்று விசாரிக்க ஆளில்லை.

அதே பம்பை கல்யாண வீட்டுக்கும் போகும். பூவாடைக்காரி அழைப்பு: கல்யாணத்துக்கு முன்பு, வீட்டில் இறந்தவர்களைக் கிணற்றடியிலோ குளக்கரையிலோ பாடி வரவழைப்பார்கள். இங்கே தலைகீழ்ப் பேரம். வரமாட்டேன் என்று முரண்டு பிடிப்பது ஆவி, கெஞ்சுவது குடும்பம். "என்னா கொற, சொல்லும்மா." வீட்டில் யார்மீதாவது இறங்கி, "என்ன மறந்துட்டீங்க, ஒரு பொடவ கூட வெக்கல" என்று பொருமும். புதுப்புடவையும் பூவும் படைக்கிறோம் என்று வாக்குக் கொடுத்து வீட்டுக்குள் அழைத்துவந்து, மணமக்களைக் காக்கும் பொறுப்பை ஒப்படைப்பார்கள். துணைக்கு ஆவியை அழைக்கும் ஆட்டக்காரர்களுக்கு நெருங்கிய உறவு பேயோட்டுகிறவர் இல்லை, இந்தக் கல்யாண வீட்டுக்காரர்கள்தான். பத்து நாள் கெடு மட்டும் இவர்களுக்கு இல்லை. அடுத்த பிள்ளைக்குக் கல்யாணம் வைக்கும்போது புடவை மறுபடி எடுத்தாக வேண்டும்.

திரௌபதியம்மன் கோயில் வாசலில் நிற்கும் போத்துராஜா காவலுக்கு வந்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)