உதட்டு வீக்கமும் நீங்கள் கடந்துவந்த ஊர்களும்



உதடு திடீரென வீங்கி ஓரிரு நாளில் வடிந்துபோனால் அது பெரும்பாலும் ஒவ்வாமையே. (அத்துடன் மூச்சு முட்டினால் தாமதியாமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.) மாதக்கணக்கில் வடியாமல் தடித்து இறுகிய உதட்டையோ அவ்வாறு எண்ணிவிடலாகாது. அரிதாகச் சில தொற்றுவியாதிகளும் இப்படித் தோன்றும்: காசநோய், தொழுநோய், மணல் ஈ கடிப்பதால் வரும் லீஷ்மேனியாசிஸ்.

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இதில் விசேஷித்த கவனம் வேண்டும். மும்பை மருத்துவர் உங்கள் உதட்டைக் காண்கிறார். முன்பு நீங்கள் பிகானீரில் கட்டடவேலை செய்ததை அவர் எப்படி அறிவார்? ராஜஸ்தானின் பிகானீரிலும், இமாசலப் பிரதேசத்தின் சட்லெஜ் பள்ளத்தாக்கிலும், கேரளத்தின் அகஸ்தியமலைப் பகுதியிலும் தோலைத் தாக்கும் லீஷ்மேனியாசிஸ் உண்டு. ஈ கடித்து வாரங்களோ மாதங்களோ சென்றபின்னரே அது வெளிப்படும். தொழுநோய் வெளிப்படச் சராசரியாக 5 ஆண்டுகள், சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகும். ஆகவே, மருத்துவர் கேளாவிட்டாலும் நீங்கள் குடியிருந்த ஊர்களையெல்லாம் சொல்லுங்கள். 1903-இல் லீஷ்மன் வெளியிட்ட கிருமியும் இங்கிலாந்தில் இறந்த ஒரு போர்வீரனின் மண்ணீரலில் கண்டதே. அவனோ கல்கத்தாவை அடுத்த டம்டமில் பணிசெய்தவன். அதே ஆண்டில் நம் சென்னையில் டாக்டர் டோனவனும் அதைக் கண்டார்.

காரணம் தெரியுமுன் ஸ்டீராய்டு மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். வீக்கம் சற்றுத் தணியும். கிருமியோ உள்ளே பெருகும். உதட்டிலிருந்து சிறு துணுக்கெடுத்துச் சோதிக்கும் பயாப்சியே வழிகாட்டும். அறிக்கையில் ‘கிரானுலோமா’ என்றிருந்தால் ஆராய்ச்சி முடிந்ததென்று எண்ணாதீர்கள். தொற்றே இல்லாத வியாதிகளிலும் அது காணப்படும். திசுவில் காசநோய்க் கிருமிகள் மிகச் சொற்பமாயிருப்பதால் சாயமிட்டுப் பார்க்கையில் தப்பிவிடுவதுண்டு. வளர்த்துப் பார்க்க வாரங்கள் ஆகும். ஃபார்மலினில் இட்ட துணுக்கில் கிருமி வளராது. எனவே ஒரு பகுதியைச் சலைனில் அனுப்ப இயலுமா என்று முன்னரே கேளுங்கள். சரீரத்தில் வெளிறிய, உணர்ச்சியற்ற படை இருந்தால் அதையும் காட்டுங்கள்.

கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு ஆராதனையின் கடைசி வரிசையில் அமருகிறவர்கள் உண்டு. ‘குஷ்டம்’ என்ற சொல்லுக்கு அஞ்சியே பலர் மருத்துவரிடம் போவதில்லை. லேவியராகமத்தில் அச்சொல் வஸ்திரத்திலும் வீட்டுச் சுவரிலும் தோன்றும் தோஷத்துக்கும் வழங்குகிறது. அது இன்றைய தொழுநோயின் பெயரல்ல. இன்றைய தொழுநோய் 1873-இல் ஹான்சன் கண்ட கிருமியால் வருவது. அதற்கான கூட்டுமருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதம் உட்கொள்ளவேண்டும். காசநோய்க்குப் பொதுவாகக் குறைந்தது 6 மாதம். லீஷ்மேனியாசிஸுக்கு மருந்தே வேறு. ஜெபத்துக்கு வரும்போது அந்தப் பயாப்சி அறிக்கையையும் எடுத்துவாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.